இரண்டு முறை கப்பலேறிய மாணவர்

இறுதியாண்டு மாணவர்களாகிய எங்களிடையே இப்போது அதிகம் பேசப்படும் விஷயம் வெளிநாட்டில் மேற்கல்வி. எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு செலவாகும், உபகாரச் சம்பளம் கிடைக்குமா, கிடைத்தால் எத்தனை ஆண்டு வேலை செய்து கழிக்க வேண்டும் என்று விடுதி உணவகத்தில் விவாதம் நடக்காத இரவே இல்லை. கல்விக் கண்காட்சிகளில் வாங்கிய வண்ணக் கையேடுகள் ஆளுக்கொரு பை நிறைய இருக்கின்றன. அவற்றில் சிரித்துக்கொண்டிருக்கும் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம், நூறு ஆண்டுகளுக்கு முன் ஒப்பந்தத் தாளில் கையெழுத்திட்டு நியூயார்க்குக்குக் கப்பலேறிய ஓர் இந்திய மாணவரின் நினைவே எனக்கு வருகிறது. அவர்தான் டாக்டர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர்.

தமிழ்ப்பள்ளியில் நான் படித்தபோது வகுப்பறைச் சுவரில் காந்தியும் நேருவும் பாரதியும் இருந்தார்கள், அம்பேத்கர் இல்லை. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, நூலகத்தில் தற்செயலாகக் கிடைத்த ஒரு புத்தகத்தில்தான் அவரைச் சந்தித்தேன். இந்திய அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவர், சட்ட அமைச்சர், 1956-ஆம் ஆண்டு பௌத்தம் தழுவியவர் என்பதெல்லாம் நம்மில் பலருக்குத் தெரியும். இக்கட்டுரை அந்த அம்பேத்கரைப் பற்றியதன்று. 1913 முதல் 1923 வரை, பத்தாண்டுகள், படிப்பை முடிப்பதற்காகப் பணத்தோடும் நாட்காட்டியோடும் மல்லுக்கட்டிய மாணவர் அம்பேத்கரைப் பற்றியது.

அவர் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவின் மாவ் என்னும் படைமுகாம் நகரில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் சுபேதார். தாய் பீமாபாய். பதினான்கு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. குடும்பம் மகர் சாதியைச் சேர்ந்தது; தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள். சதாராவில் பள்ளிக்குச் சென்றபோது, உட்காருவதற்குச் சாக்குத்துணியை வீட்டிலிருந்து கொண்டு போக வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக்கூடாது. பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட வேண்டும். சேவகர் வராத நாளில் தண்ணீர் கிடையாது.

பின்னர் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பரேல் பகுதியில் ஒற்றை அறையில் குடியேறியது. அந்த ஓர் அறைதான் சமையலறை, படுக்கையறை, படிப்பறை எல்லாம். தந்தை ராம்ஜி செய்த ஏற்பாடு ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. மகனை முன்னிரவில் தூங்கச் சொல்லிவிட்டு, தாம் விழித்திருப்பார். பின்னிரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க உட்கார வைத்துவிட்டு, அவர் விட்ட இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். மகனுக்குப் புத்தகம் வாங்கப் பணம் இல்லாதபோது, மணமாகிப் போன மகள்களின் வீட்டுக்குச் சென்று அவர்களுடைய நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்தார். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு அக்காளின் வளையல் அடகுக்கடைக்குப் போவது நம் தோட்டப்புற வீடுகளிலும் நடந்ததுதானே!

1907-ஆம் ஆண்டு அவர் மெட்ரிகுலேஷன் தேறினார். அதைப் பாராட்டிக் கூட்டம் நடந்தபோது, கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்ற ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் வாழ்க்கை வரலாற்றைப் பரிசளித்தார். ஆனால் கேலுஸ்கர் செய்த பெரிய உதவி அதுவன்று. கல்லூரிப் படிப்பைத் தொடரப் பணமில்லை என்றபோது, பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட்டிடம் அவரை அழைத்துச் சென்றவர் அவர்தான். தம் அரசில் 1906-ஆம் ஆண்டிலேயே கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டு வந்த மன்னர் அவர். மாதம் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1912-ஆம் ஆண்டு எல்பின்ஸ்டன் கல்லூரி வழி பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம், பொருளியலிலும் அரசியலிலும்.

இதற்கிடையே சுமார் 15 வயதிலேயே அவருக்குத் திருமணம் ஆகிவிட்டது. மணமகள் ராமாபாய்க்கு அப்போது ஒன்பது வயது இருக்கலாம். மண்டபம் கிடையாது, பைக்குலா சந்தையில் கடைகள் அடைத்த பின், திறந்த கொட்டகையில் இரவில் நடந்த கல்யாணம். ராமாபாயின் பெயர் இக்கட்டுரையில் சில இடங்களில்தான் வரும். அதற்குக் காரணம் அவர் பங்கு சிறியது என்பதன்று. எழுதி வைத்தவர்கள் குறைவு.

1913-ஆம் ஆண்டு ஜனவரியில் அம்பேத்கர் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தைக்கு உடல்நிலை மோசம் என்ற செய்தி வந்தது. பிப்ரவரி 2-ஆம் நாள் ராம்ஜி காலமானார். இரவு இரண்டு மணிக்கு எழுப்பியவர் இல்லாமல் போனார். மகன் கையில் ஒரு பட்டம் மட்டும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பரோடா மன்னர் சில மாணவர்களை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பத் திட்டமிட்டார். அம்பேத்கர் விண்ணப்பித்தார், தேர்ந்தெடுக்கப்பட்டார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. 1913 ஜூன் 4-ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது நிபந்தனை.

கையெழுத்திட்டபோது அவருக்கு வயது 22. என் வயது! மூன்றாண்டுப் படிப்புக்குப் பத்தாண்டு வேலை. நம்மில் எத்தனை பேர் உபகாரச் சம்பள ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் வரை படிக்கிறோம்? நானே என் கல்விக் கடன் பத்திரத்தில் அப்பாவையும் மாமாவையும் சாட்சியாக உட்கார வைத்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவன்தான். அம்பேத்கர் படித்துத்தான் கையெழுத்திட்டிருப்பார். ஆயினும் அந்த ஒப்பந்தத்தில் எழுதப்படாத ஒன்று இருந்தது. அது நான்காண்டுகள் கழித்து பரோடா இரயில் நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்தது.

ஜூலை மாதம் நியூயார்க் சென்றடைந்தார். வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை யஷ்வந்தையும் ராமாபாயையும் விட்டுச் சென்றிருந்தார். முதலில் பல்கலைக்கழக விடுதியில் தங்கினார், உணவு ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு இடம் மாறி, லிவிங்ஸ்டன் ஹால் என்ற விடுதியில் நவல் பதேனா என்ற பார்சி மாணவருடன் தங்கினார். இந்த நட்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் சில மாதங்களை அவர் வீணடித்தார் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் கூறுகின்றனர். நண்பர்கள், பேச்சு, ஊர் சுற்றுதல். படிக்கும்போது எனக்குச் சற்று நிம்மதியாகக்கூட இருந்தது! அதற்கும் காரணம் இல்லாமலில்லை. பிறந்தது முதல் எங்கே உட்காரலாம், எதைத் தொடலாம் என்று அளந்து அளந்து வாழ்ந்த ஒருவர், முதன்முறையாக எல்லாரும் உண்ணும் மேசையில் உட்கார்ந்து உண்கிறார். அந்த விடுதலையை அனுபவிக்கச் சில மாதங்கள் எடுத்துக்கொண்டால் குற்றமா? ஆனால் மூன்றாண்டுக் கெடு ஓடிக்கொண்டிருந்தது. அதை உணர்ந்ததும் மாறிவிட்டார்.

மாறிய பின் அவர் படித்த படிப்பின் கணக்கு வியப்பளிக்கிறது. கொலம்பியாவில் அவர் எடுத்த பாடங்கள்: பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சு அடிப்படை ஒன்று, ஜெர்மன் அடிப்படை ஒன்று. மொத்தம் 60. பட்டத்துக்கு இத்தனை தேவையில்லை. இனி இப்படி ஒரு வாய்ப்பு வருமோ வராதோ என்று, கடையை அடைப்பதற்குள் வேண்டியதையெல்லாம் அள்ளிக்கொள்பவரைப் போல அவர் படித்திருக்கிறார். பொருளியலில் எட்வின் செலிக்மன், தத்துவத்தில் ஜான் டூயி ஆகியோர் அவருடைய பேராசிரியர்கள். டூயியின் சனநாயகச் சிந்தனையின் சாயலை அம்பேத்கரின் பிற்கால எழுத்துகளில் காணலாம்.

அப்போது அமெரிக்காவில் இருந்த லாலா லஜபதி ராய், இந்திய மாணவர்களை விடுதலை இயக்கத்தின்பால் ஈர்த்துக்கொண்டிருந்தார். அம்பேத்கரையும் அழைத்தார். பரோடா மன்னருக்குத் தாம் கொடுத்த வாக்கைச் சொல்லி, படிப்பை முடிக்கும் வரை வேறு எதிலும் ஈடுபடுவதில்லை என்று அம்பேத்கர் ஒதுங்கிக்கொண்டார். இதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் இருக்கலாம். அடுத்தவர் பணத்தில் படிக்கும் மாணவனின் நிலையை அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

1915 ஜூனில் பண்டைய இந்திய வாணிபம் பற்றிய ஆய்வுக்காக எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9-ஆம் நாள், மானிடவியல் கருத்தரங்கு ஒன்றில் இந்தியாவில் சாதிகள் என்ற கட்டுரையைப் படைத்தார். அகமணம், அதாவது தன் சாதிக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் வழக்கமே சாதியைத் தாங்கி நிற்கும் தூண் என்பது அதன் சாரம். 25 வயது மாணவர் கண்டு சொன்னது. இன்றைக்கும் நம் நாட்டுத் திருமண விளம்பரங்களைப் புரட்டினால் அந்தக் கட்டுரை பழையதாகிவிடவில்லை என்பது தெரியும். அதே ஆண்டு முனைவர் பட்டத்துக்கான ஆய்வையும் எழுதினார். ஆனால் ஆய்வேட்டை அச்சிட்டுப் பிரதிகளை ஒப்படைத்தால்தான் பட்டம் என்பது பல்கலைக்கழக விதி. அச்சிடப் பணம் ஏது? அந்தக் கொலம்பியா முனைவர் பட்டம் அவருக்கு முறைப்படி வழங்கப்பட்டது 1927-ஆம் ஆண்டில்தான். நியூயார்க்கை விட்டுப் புறப்பட்டுப் பதினோராண்டுகள் ஆகியிருந்தன.

மூன்றாண்டு முடிந்தது. அவர் நாடு திரும்பவில்லை. மன்னருக்கு எழுதிக் கேட்டு, உபகாரச் சம்பளத்தை மேலும் ஓராண்டு நீட்டித்துக்கொண்டு, 1916-ஆம் ஆண்டு இலண்டன் சென்றார். இலண்டன் பொருளியல் கல்லூரியில் பட்டமேற்படிப்புக்கும், கிரேஸ் இன் என்னும் சட்ட நிறுவனத்தில் பாரிஸ்டர் படிப்புக்கும் ஒரே நேரத்தில் பதிந்துகொண்டார். ஒரு கையால் பொருளியல், மறு கையால் சட்டம்! ஓராண்டில் இரண்டையும் முடிப்பது நடக்கிற காரியமில்லை என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நான் இதை எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தேன். முடிப்பதற்காக அவர் சேரவில்லை. சேர்ந்துவிட்டால் பிறகு திரும்பி வந்து முடிக்கலாம் என்பதற்காகவே சேர்ந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

எதிர்பார்த்தபடியே 1917-ஆம் ஆண்டு பணம் நின்றது. திரும்பி வரச் சொல்லிப் பரோடாவிலிருந்து அழைப்பு வந்தது. புறப்படுவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று இலண்டன் பல்கலைக்கழகத்திடம் அனுமதி பெற்றுக்கொண்டார். கையில் காசில்லை, குடும்பம் வறுமையில், முன்னால் பத்தாண்டு ஒப்பந்தம். இந்த நிலையில் நான்காண்டுக்குள் திரும்பி வருவேன் என்று ஒருவர் எழுதிக் கொடுக்கிறார் என்றால் அந்தத் துணிச்சலை என்னவென்பது! அவருடைய கல்வி வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கடிதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அவர் ஒரு கப்பலில் புறப்பட்டார். பெட்டிகளும் புத்தகங்களும் வேறொரு கப்பலில் ஏற்றப்பட்டன. நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலில் பெட்டிகள் சென்ற கப்பல் மூழ்கியது. நியூயார்க்கில் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து அவர் சேர்த்த நூல்கள் மட்டும் சுமார் 2000 என்று கூறப்படுகிறது. சாப்பாட்டைக் குறைத்து வாங்கியவை அவை. வந்த சாமான்களில் பெரும்பகுதி கடலுக்குப் போனது. 1917 ஆகஸ்ட் 21-ஆம் நாள் பம்பாயில் இறங்கினார். பரோடாவுக்குச் செல்லும் செலவுக்கே, தொலைந்த சாமான்களுக்கு ஈடாகக் கிடைத்த சுமார் 600 ரூபாய்தான் உதவியது.

இனிச் சொல்லப்போவதை அம்பேத்கரே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பரோடா இரயில் நிலையத்தில் இறங்கியதும் அவர் மனத்தில் எழுந்த முதல் கேள்வி, எங்கே தங்குவது என்பதே. இந்து விடுதிகளில் இடம் தரமாட்டார்கள். அமெரிக்காவில் தம்மோடு படித்துப் பழகிய நண்பர்கள் பரோடாவில் இருந்தார்கள். ஆனால் நியூயார்க்கில் நண்பராக இருந்தவர் பரோடாவில் வீட்டுக் கதவைத் திறப்பாரா என்ற தயக்கம். கடைசியில் ஒரு பார்சி விடுதிக்குச் சென்று, பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதி, நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் தங்கினார். மாடியில் தட்டுமுட்டுச் சாமான்கள் குவிந்த இருண்ட கூடம், துணைக்கு வௌவால்கள். பகலில் மகாராஜாவின் அலுவலகம். அங்கே சேவகர்கள் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் தூரத்திலிருந்து மேசை மேல் வீசினார்கள். கொலம்பியாவில் 60 பாடம் படித்தவருக்கு!

பதினோராம் நாள் காலை, அலுவலகம் புறப்படும் நேரத்தில், கையில் தடிகளுடன் சுமார் பன்னிரண்டு பார்சிகள் மாடியேறி வந்தார்கள். யார் நீ என்று கேட்டார்கள். விடுதியைத் தீட்டாக்கிவிட்டதாகக் கத்தினார்கள். மாலைக்குள் வெளியேறிவிட வேண்டும் என்று கெடு விதித்துப் போனார்கள். அவர் இரண்டு நண்பர்களை அணுகினார். ஒருவர் இந்து, இவர் வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். மற்றவர் கிறிஸ்துவர், மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். பொதுப் பூங்கா ஒன்றில் சென்று உட்கார்ந்தார் அம்பேத்கர். இரவு பம்பாய் இரயில் வரும் வரை அங்கேயே இருந்தார். கண்ணீர் விட்டதையும் அவர் மறைக்கவில்லை.

பத்தாண்டு ஒப்பந்தம் பதினோரு நாளில் முடிந்தது. படிப்புக்குப் பணம் கொடுத்த அரசால், படித்து வந்தவருக்குத் தங்க ஓர் அறை ஏற்பாடு செய்ய முடியவில்லை. மன்னர் நல்லவர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மன்னர் கையெழுத்திட்டால் விடுதிக்காரர் கதவைத் திறந்துவிடுவாரா? ஒப்பந்தத்தில் எழுதப்படாமல் போனது இதுதான்.

பம்பாய்க்குத் திரும்பியவர் பிழைப்புக்குப் பல வழிகளைத் தேடினார். முதலீட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டனர். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 450 ரூபாய். மாணவர்கள் அவர் விரிவுரையை விரும்பிக் கேட்டனர். ஆசிரியர் அறையிலோ, பொதுத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சக பேராசிரியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். சதாராவின் குழாயடி பம்பாய்க் கல்லூரிக்கே வந்துவிட்டது.

450 ரூபாய் அன்று பெரிய சம்பளம். நல்ல வீட்டுக்கு மாறியிருக்கலாம், மாறவில்லை. ராமாபாயிடம் குடும்பச் செலவுக்கு ஓர் அளவான தொகையைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்தார். இலண்டன் பல்கலைக்கழகம் கொடுத்த நான்காண்டுக் கெடு அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய 17 மாதங்கள் வேலை செய்து, 1920 மார்ச்சில் விலகினார். சேமிப்பு போதவில்லை. அப்போது உதவியவர்தான் நான் முன்பு குறித்து வைக்கச் சொன்ன நவல் பதேனா; 5000 ரூபாய் கடன் கொடுத்தார். கோலாப்பூர் மன்னர் ஷாகு மகாராஜா 1500 ரூபாய் வழங்கினார். பார்சி விடுதியிலிருந்து தடியோடு துரத்தியவர்களும் பார்சிகளே. இலண்டன் போகப் பணம் கொடுத்தவரும் பார்சியே. இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர எனக்குத் தோன்றவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

1920 ஜூலையில் இரண்டாம் முறையாகக் கப்பலேறினார். செப்டம்பர் இறுதியில் இலண்டன் பொருளியல் கல்லூரியில் மீண்டும் பதிந்துகொண்டார். கெடு முடிய இன்னும் ஓராண்டுதான் இருந்தது.

முதல் பயணத்துக்கும் இதற்கும் எவ்வளவு வேறுபாடு! அப்போது 22 வயது, மன்னர் பணம். இப்போது 29 வயது, சொந்தச் சேமிப்பும் கடனும். இம்முறை ஊர் சுற்ற ஒரு நாளும் இல்லை. காலையில் ஒரு துண்டு ரொட்டி, சிறிது மீன், ஒரு கோப்பை சூடான பானம். அதோடு பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்துக்குச் சென்று கதவடைக்கும் வரை படிப்பார். மதிய உணவுக்குக் காசில்லை. பின் இரவு உணவை ஏதோ முடித்துக்கொண்டு அறையில் மீண்டும் படிப்பு. நள்ளிரவில் பசித்தால், தெரிந்தவர் கொடுத்த அப்பளக் கட்டிலிருந்து இரண்டை எடுத்துத் தகரத் துண்டில் சுட்டுத் தின்பார். வெளிநாட்டில் படித்த அண்ணன் அக்காமார்களிடம் கேட்டால், மெகி மீயும் சம்பால் புட்டியும் தங்களைக் காப்பாற்றிய கதையைச் சொல்வார்கள். அம்பேத்கரைக் காப்பாற்றியது அப்பளம்.

அவர் 1921-22-இல் குடியிருந்த இல்லம் ஒன்று இலண்டன் கிங் ஹென்றிஸ் சாலையில் 10-ஆம் எண்ணில் இருக்கிறது. மகாராஷ்டிர மாநில அரசு 2015-ஆம் ஆண்டு அதை வாங்கி நினைவில்லமாக மாற்றியது.

1921 ஜூனில் எம்.எஸ்சி. பட்டம் கிடைத்தது. பாரிஸ்டர் தகுதியையும் பெற்றார். இடையில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திலும் பதிந்துகொண்டார். கொலம்பியாவில் படித்த அந்த ஒரே ஒரு ஜெர்மன் பாடம் வீண்போகவில்லை. ஆனால் அங்கே படிப்பைத் தொடர முடியவில்லை. டி.எஸ்சி. பட்டத்துக்காக இந்திய ரூபாயின் பிரச்சினை குறித்து அவர் எழுதிய ஆய்வேடு 1922 அக்டோபரில் ஒப்படைக்கப்பட்டது. பிரிட்டிஷ் அரசின் நாணயக் கொள்கையைக் கடுமையாக விமர்சித்த ஆய்வு அது. தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பிவிட்டார்கள்.

உலகத்தில் எந்த ஆய்வு மாணவருக்கும் இது நேரக்கூடியதுதான். ஆனால் திருத்தும் வரை இலண்டனில் தங்கியிருக்க அவரிடம் பணம் இல்லை. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பினார். பரேல் பகுதியின் நெரிசலான குடியிருப்பில் உட்கார்ந்து திருத்தி எழுதினார். ஆகஸ்டில் தபாலில் அனுப்பினார். நவம்பரில் டி.எஸ்சி. பட்டம் உறுதியானது. டிசம்பரில் அது இலண்டனில் நூலாகவும் வெளிவந்தது. அவருடைய பேராசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். மாணவரின் வாதங்கள் பலவற்றைத் தாம் ஏற்கவில்லை என்று சொல்லிக்கொண்டே எழுதப்பட்ட முன்னுரை அது! மாணவரோடு உடன்படாமலே அவரைப் பாராட்டும் ஆசிரியர் அமைவதும் ஒரு கொடுப்பினைதான்.

அதற்குப் பின் வந்தவை எல்லாம் நாடறிந்தவை. மஹத் குளத்தில் தண்ணீர் எடுக்கும் போராட்டம் 1927-இல், வட்டமேசை மாநாடுகள், அரசமைப்புச் சட்டம். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது, ஒடுக்கப்பட்ட மாணவர்கள் வெளிநாட்டில் உயர்கல்வி பெற அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி அவர் முயற்சியால் தொடங்கப்பட்டது. 1952-ஆம் ஆண்டு ஜூனில் கொலம்பியா அவரை மீண்டும் அழைத்துக் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. இம்முறை யாரும் அச்சிட்ட பிரதி கேட்கவில்லை. 1956 டிசம்பர் 6-ஆம் நாள் டெல்லியில் காலமானார்.

அம்பேத்கர் எழுதிய நூல்களின் சமர்ப்பணப் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பது எனக்குப் பிடித்தமான செயல். ரூபாயின் பிரச்சினை என்ற நூலைத் தாய் தந்தையருக்குச் சமர்ப்பித்திருக்கிறார். தம் கல்விக்காக அவர்கள் செய்த தியாகத்தை அங்கே குறிப்பிடுகிறார். கொலம்பியாவின் முனைவர் பட்டத்தைப் பெற்றுத் தந்த மாகாண நிதி பற்றிய நூல் 1925-இல் வெளிவந்தது. அது சயாஜிராவ் மன்னருக்கு. பரோடாவில் பட்ட அவமானத்துக்குப் பிறகும் மன்னர் கொடுத்த உதவியை அவர் மறக்கவில்லை.

ராமாபாய் 1935 மே மாதம் இறந்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்து, யஷ்வந்த் ஒருவரே பிழைத்தார். கணவர் இரண்டு முறை கப்பலேறியபோதும் கரையில் நின்றவர் அவர். பாகிஸ்தான் பற்றிய நூலை 1940-இன் இறுதியில் எழுதி முடித்தபோது, மனைவி மறைந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அந்த நூலை ராமு என்று தாம் அழைத்த அந்தப் பெண்மணிக்குச் சமர்ப்பித்து, நண்பர்களற்ற, வறுமையும் கவலையும் நிறைந்த நாட்களில் தம்மோடு சேர்ந்து துன்பப்பட்டதற்காக நன்றி எழுதியிருக்கிறார்.